அம்மாவுக்கு மாத்திரை, எனக்கு மட்டும் ஏன் ஊசி?

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



சில ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்பில் ஹார்மோன் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். முதல் வகை நீரிழிவு உள்ள மாணவி ஒருத்தி எழுந்தாள். "எங்கம்மா தைராய்டுக்கு மாத்திரைதானுங்க டீச்சர் போடறாங்க. அதுவும் ஹார்மோன்தானுங்களே? எனக்கு மட்டும் ஏனுங்க ஊசி?" என்று கேட்டாள். "டாக்டரிடம் கேட்டுக்கொள்ளம்மா" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அது இன்றும் உறுத்துகிறது. விடை நாம் நடத்தும் பாடத்தோடு ஒட்டியே இருக்கிறது.

இன்சுலின் 51 அமினோ அமிலங்களால் ஆனது. விழுங்கினால், பருப்பில் உள்ள புரதத்தைப் போலவே குடல் அதையும் செரித்துவிடும். அதனால்தான் ஊசி. இரத்தத்தில் கலந்த பிறகும், நீரில் கரையும் இன்சுலின் கொழுப்பாலான செல் சவ்வைத் தாண்டுவதில்லை. வெளிப்புறத்தில் உள்ள ஏற்பியில் பொருந்துகிறது. செய்தி மட்டும் உள்ளே போகிறது. தசைச் செல்லுக்குள் ஒதுங்கியிருந்த குளுக்கோஸ் கடத்திகள் சவ்வுக்கு வர, சர்க்கரை உள்ளே நுழைகிறது. இவை நிமிடக் கணக்கில் நடப்பவை.

இங்கே ஒரு திருத்தம். அட்ரினலின், குளுக்கோகான் ஆகியவற்றுக்கு இரண்டாம் தூதுவராக இருப்பது சைக்ளிக் ஏ.எம்.பி. அதைக் கண்டறிந்த சதர்லாந்து 1971இல் நோபல் பரிசு பெற்றார். இன்சுலின் ஏற்பியோ தானே ஒரு நொதியாகச் செயல்படுகிறது. நீரில் கரையும் எல்லா ஹார்மோன்களுக்கும் ஒரே வழி என்று கரும்பலகையில் எழுதிவிட வேண்டாம்.

தைராக்சின் சிறிய மூலக்கூறு. குடலில் சிதையாமல் உறிஞ்சப்படும். இரத்தத்தில் புரதங்களைப் பற்றிக்கொண்டு பயணம் செய்து, கடத்திப் புரதங்களின் துணையோடு செல்லுக்குள் போகிறது. அங்கே டி3 வடிவமாக மாறி, உட்கருவில் உள்ள ஏற்பியோடு சேர்ந்து ஜீன்களின் செயலை மாற்றுகிறது. புதிய புரதங்கள் உருவாக நேரமாகும், பலன் நீடிக்கும். இரத்தத்தில் தைராக்சின் பாதியாகக் குறைய ஏறத்தாழ 7 நாள் ஆகும். உடல் சுரக்கும் இன்சுலினுக்குச் சில நிமிடங்களே.

உடுமலைப்பேட்டைப் பக்கம் பணிபுரிவோருக்கு எடுத்துக்காட்டு பக்கத்துப் பட்டுப்புழு மனையிலேயே உண்டு. புழுவின் மூளை சுரக்கும் புரத ஹார்மோன், முன்மார்புச் சுரப்பியின் செல்களை வெளியிலிருந்தே தூண்டுகிறது. அந்தச் சுரப்பி தரும் எக்டைசோன் ஒரு ஸ்டீராய்டு. உட்கருவரை சென்று தோலுரிப்பையும் கூட்டுப்புழுவாக மாறுவதையும் நடத்துகிறது. 1954இல் பூட்டனான்ட்டும் கார்ல்சனும் 500 கிலோ கூட்டுப்புழுக்களிலிருந்து பிரித்தெடுத்த எக்டைசோன் வெறும் 25 மில்லிகிராம்! புழுக்கள் ஒரே சீராகக் கூடு கட்டுவதற்காக, தாவரங்களிலிருந்து எடுத்த இதே வகைப் பொருளை மல்பெரி இலையில் தெளித்து ஊட்டுகிறார்கள். தின்றாலும் வேலை செய்கிறது, தைராய்டு மாத்திரையைப் போல.

வகுப்பில் தொடங்க ரசம் போதும். உப்பு நீரில் கரைந்திருக்கும். மிளகாயின் சிவப்பு மேலே மிதக்கும் எண்ணெயில் ஏறியிருக்கும். எது எதில் கரையும் என்பதைப் பிள்ளைகளே சொல்வார்கள்.

1922 ஜனவரியில் முதன்முதலாக இன்சுலின் ஊசி பெற்ற நீரிழிவு நோயாளி லெனார்ட் தாம்சனுக்கு வயது 14. நம் வகுப்புப் பிள்ளையின் வயது. "ஊசி வேண்டாம், இந்தச் சூரணம் போதும்" என்று யாரேனும் சொன்னால், அது ஏன் உயிருக்கே ஆபத்து என்பது அந்தப் பிள்ளைக்குப் புரிந்திருக்க வேண்டும். மதியம் ஊசி போட்டுக்கொள்ள ஒரு மறைவிடமும் கொடுங்கள். கேள்வி வந்தால், என்னைப் போல நழுவாதீர்கள்.