நெற்பயிருக்குள் ஒரு பிரேக்



மெக்கானிக்கல் படிச்சவன் நெல்லைப் பத்திப் பேச வந்துட்டானேன்னு சிலர் சிரிக்கிறது தெரியுது. ஊர்ப் பேரிலேயே நெல்லை வைத்துக்கொண்டு நாம் பேசாமல் வேறு யார் பேசுவது? தவிர, நான் பேசப்போவது பிரேக்கைப் பற்றி.

பழைய நெட்டை ரகத்துக்கு உரம் கூடினால் பயிர் மளமளவென்று உயரும். கார் அறுவடை பிந்தி ஐப்பசி மழையில் மாட்டிக்கொண்டால் கதிரோடு சாய்ந்துவிடும். 1966-ல் பிலிப்பைன்ஸில் வெளியிட்ட ஐ.ஆர். 8 குட்டை; சாயவில்லை. நம் அம்பாசமுத்திரம் ஆராய்ச்சி நிலையம் 1986-ல் தந்த அம்பை 16-ம் குட்டைதான்.

ஏன் குட்டை? பயிரின் செல்லுக்குள் எஸ்.எல்.ஆர். 1 என்றொரு புரதம் வளர்ச்சியை அமுக்கிப் பிடித்திருக்கிறது. அதுதான் பிரேக். அதை விலக்குவது ஜிப்பரெல்லின் என்ற ஹார்மோன். இதைக் காட்டிக்கொடுத்ததே ஒரு பயிர் நோய். பூஞ்சை பிடித்த நாற்று ஒடிசலாக நெடுநெடுவென்று வளர்ந்து விழும். பூஞ்சை விடும் ஒரு பொருளே காரணம் என்று 1926-ல் ஜப்பானியரான குரோசாவா காட்டினார்.

ஹார்மோன் நேரே பிரேக்கைத் தொடுவதில்லை. ஜிட் 1 என்ற இன்னொரு புரதத்துக்குள் போய் உட்காருகிறது. (இந்தப் புரதத்தை ஜப்பானியர் 2005-ல்தான் கண்டார்கள்.) உடனே அது டப்பா மாதிரி மூடிக்கொள்கிறது. மூடிய பிறகே பிரேக் புரதத்தை இறுகப் பிடிக்க முடியும். பிடிபட்டதற்கு யுபிக்விட்டின் என்ற சீட்டு ஒட்டப்பட்டு, புரோட்டியாசோம் என்ற அரவை இயந்திரத்துக்குப் போய்விடும். பயிர் உயர்கிறது.

ரயிலிலும் இதே தத்துவம்தான். குழாயில் காற்றழுத்தம் இருக்கிறவரை பிரேக் விலகி நிற்கும். குறைந்தால் தானே பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் பிரேக் கட்டையை அரைத்துத் தூளாக்கிப் புதுசு செய்வதை எந்த மெயின்டனன்ஸ் எஞ்சினியரும் ஒத்துக்கொள்ள மாட்டார்!

ஐ.ஆர். 8-ல் ஹார்மோன் தயாரிக்கும் மரபணுவில் 383 எழுத்துகள் விடுபட்டிருப்பது 2002-ல் தெரிந்தது. ஹார்மோன் குறைவு, பிரேக் மிச்சம். பசுமைப் புரட்சிக் கோதுமையிலோ பிரேக் புரதமே மாறி, பிடிக்கு அகப்படுவதில்லை. வழி வேறு, முடிவு ஒன்று.

இனிதான் முக்கியமான சங்கதி. இந்தப் பிரேக் புரதம் ஜி.ஆர்.எஃப். 4 என்ற இன்னொரு புரதத்தையும் கட்டிப்போடுகிறது என்று 2018-ல் சீன, பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அந்த ஜி.ஆர்.எஃப். 4-தான் வேரை நைட்ரஜன் உறிஞ்சத் தூண்டுவது. ஆக, குட்டைப் பயிருக்குச் சாயாத தண்டும் மந்தமான பசியும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. யூரியாவை அள்ளிக் கொட்டுகிறான் என்று விவசாயியை மட்டும் ஏசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பயிரும் கேட்கத்தானே செய்யுது?

அதே ஆய்வில் ஜி.ஆர்.எஃப். 4-ஐக் கூட்டிப் பார்த்தார்கள். குறைந்த உரத்திலும் விளைச்சல் கூடியது. பயிர் குட்டையாகவே நின்றது. இதை நம் ரகங்களில் கொண்டுவர முடியுமா என்று இங்கே இருக்கிற உயிரியல் மாணவர்களைக் கேட்கிறேன்.

மிச்சத்தைப் பந்தியில் பேசுவோம். இன்றைக்குச் சோறு அம்பை 16 என்று சமையல்கார அண்ணாச்சி சொன்னார்.