அபராதம் கட்டினால் போதை தெளியுமா?

 

குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் 10,000 ரூபாய் அபராதம், அல்லது சிறை. மறுபடி பிடிபட்டால் 15,000, இரண்டாண்டு வரை சிறை. 2019-ல் திருத்திய சட்டம் இது. அப்படியும் மீண்டும் மீண்டும் பிடிபடுகிறவன் யார்? பெரும்பாலும் ஆண், குடிக்கு அடிமையானவன், பலமுறை பிடிபடாமல் தப்பித் துணிச்சல் கொண்டவன். லைசென்ஸைப் பறித்தாலும் ஓட்டுவான். தண்டனையோடு சிகிச்சையும் தந்தால்தான் திருந்துவான். 2003 முதல் தானே கடை வைத்துச் சில்லறையில் மது விற்கும் தமிழக அரசு, சாலையில் அபராதமும் வசூலிக்கிறது. என்ன நியாயம்?

வியாபாரிகளே! உங்கள் வேன் டிரைவர் இப்படிப்பட்டவரா? சாவியை வாங்கிவிட்டு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இளைஞர்களே! குடித்த நண்பனின் பைக்கில் ஏறாதீர்கள். மது ஹராம் என்பதாலேயே நம் மஹல்லாவில் குடிகாரர் இல்லை என்று கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள்.