கேட்போர் மொழியில் ஊழியம்



பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவர்கள், பத்துக் குடும்பங்கள் சேர்ந்தவுடனே தமிழ் ஆராதனைக்கு ஓர் இடம் தேடுகின்றனர். அருகிலேயே ஆங்கில ஆராதனை இருந்தும், பஸ் ஏறி நெடுந்தூரம் செல்வோர் பலர். இது வெறும் மொழிப்பற்றுத்தானா? தரங்கம்பாடியின் வரலாறு வேறு விடை கூறுகின்றது.

1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள், டென்மார்க் அரசர் அனுப்பிய ஜெர்மானிய ஊழியர் இருவர் அவ்வூரில் கரையிறங்கினர். அவருள் ஒருவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. இளைஞரான அவர் பிரசங்க மேடையைத் தேடி ஓடவில்லை. பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துக்களைக் கற்றார். ஓலைச் சுவடிகளைத் தேடித் திரட்டினார். மக்கள் பேசும் விதத்தைச் செவிகொடுத்துக் கேட்டார். பின்னரே புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் துணிந்தார். அது 1715இல் தரங்கம்பாடி அச்சகத்திலேயே நூலாக வெளிவந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத்தின் ஆகமம் வரை முடித்த நிலையில், 1719இல், முப்பத்தாறாம் வயதில் அவர் காலமானார். எஞ்சியதைப் பின்வந்த சூல்ச்சே நிறைவேற்றினார்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம், சொல்லுக்குச் சொல் வைத்துவிட்டு, படிப்பவருக்குப் பொருள் விளங்குமா என்று எண்ணாமலே கோப்பை மேலே அனுப்பிவிடுவதுண்டு. ஊழியருக்கு அவ்வாறு இயலாது. நோயாளியின் படுக்கையருகே சொல்லும் ஜெபம் அவர் நெஞ்சுக்கு எட்டவேண்டும். அன்றேல் அது ஜெபமாகாது.

கடலூரில் பிறந்த ஆறுமுகம் என்பவர் 1718இல் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் ஆனார். உபதேசியாராகப் பல்லாண்டு உழைத்தபின், 1733ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் குருப்பட்டம் பெற்றார். இந்தியப் புராட்டஸ்டண்டு சபையின் முதல் சுதேச குரு அவரே. அன்று முதல், அயலார் கற்றுப் பேசிய தமிழ் மட்டுமன்றி, தாய்மடியில் பயின்ற தமிழும் குருவின் வாயிலாகவே சபையில் ஒலித்தது.

இனி நம் நிலையைப் பார்ப்போம். வெளி மாநிலங்களில் பிறந்த நம் பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுவர், படிக்கமாட்டார். பாமாலைகளை இந்தி எழுத்திலோ ஆங்கில எழுத்திலோ எழுதிவைத்துப் பாடுகின்றனர். பிரசங்கம் தொடங்கியதும் அவர்கள் கண்கள் கதவை நாடுகின்றன. பாட்டிக்கு உயிராக இருக்கும் சொல், பேரனுக்கு வெறும் ஓசையாகிவிடுகின்றது. அவனைக் கடிந்து பயனென்ன?

அன்று அயல்நாட்டவர் நம்மைத் தேடிவந்து நம் மொழியைக் கற்றார். இன்று நம் வீட்டுப் பிள்ளைக்காக அத்துணைப் பொறுமை நமக்கு இல்லையா? ஆராதனை முடிந்தபின் அரைமணி நேரம், வயது முதிர்ந்தோர் சிறுவர்க்கு எழுத்துக் கற்பிக்கலாம். போதகர், தம் பிரசங்கத்தின் சாரத்தைச் சிறுவர் அறிந்த மொழியிலும் சில நிமிடங்கள் சொல்லலாம். அதனால் தமிழுக்குத் தாழ்வில்லை. பாட்டியும் பேரனும் ஒரே பலகையில் அமர்ந்து, ஒரே செய்தியைக் கேட்டு, வீடு திரும்பும் வழியில் அதைப்பற்றிப் பேசிக்கொள்வார்களாயின், அச்சபையின் ஊழியம் பலித்தது எனலாம்.