துக்க வீட்டில் நமக்கு என்ன வேலை?



தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி நான் ஆய்வு செய்கிறேன். அரசு அலுவலகங்களில் புழங்கும் ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன்: 'கருணை அடிப்படையில்'. அரசு ஊழியர் இறந்தால் அவர் வாரிசுக்குத் தரும் வேலைக்கு அந்தப் பெயர். கருணை என்றதும் கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே என்றாகிவிடுகிறது. இந்த மேல் கீழ் நமக்குப் புதிதா என்ன? அண்ணல் அம்பேத்கர் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் கருணையோடு நிற்காமல் மைத்ரிக்குப் போகிறார். மைத்ரி என்றால் தோழமை.

1995 ஆகஸ்ட் 31 அன்று இதே மாவட்டத்தின் கொடியன்குளத்துக்குள் நூற்றுக்கணக்கான போலீசார் புகுந்தார்கள். தலித் மக்களின் வீடுகளை உடைத்தார்கள். படிப்புச் சான்றிதழ்களையும் பாஸ்போர்ட்டுகளையும் அழித்தார்கள். குடிநீர்க் கிணற்றையும் விட்டுவைக்கவில்லை. பிறகு அரசு நிவாரணம் அறிவித்தது. மக்கள் வாங்க மறுத்தார்கள். எல்லாம் இழந்தவர்களுக்கும் மானம் உண்டு என்று நாட்டுக்குச் சொன்ன மறுப்பு அது.

2018 மே 22 நம் எல்லோருக்கும் தெரியும். ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் கொல்லப்பட்டார்கள். குடும்பங்களுக்கு அப்போது கொடுத்த வேலைகள் பலருடைய படிப்புக்குக் குறைந்தவை. அருணா ஜெகதீசன் ஆணையத்தின் இடைக்கால அறிக்கைக்குப் பிறகு, 2021-ல்தான் தகுதிக்கேற்ற வேலை வந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அதற்கு மூன்று வருடம் காத்திருந்தார்கள்.

சாதி வன்கொடுமையில் ஒருவர் கொல்லப்பட்டால் சட்டம் என்ன சொல்கிறது? வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி ஏழு நாளுக்குள் நிவாரணம் தொடங்க வேண்டும். நிவாரணத் தொகையில் பாதி பிரேதப் பரிசோதனை முடிந்ததும், மீதி குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும். மூன்று மாதத்துக்கு அரிசி, பருப்பு, பாத்திரம். மாதம் 5,000 ரூபாய் அடிப்படை ஓய்வூதியம், அதோடு அகவிலைப்படி. பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்புவரை கல்விச் செலவு. இதில் எதுவும் கருணை இல்லை. அத்தனையும் உரிமை.

அறுபது நாளில் வரவேண்டிய குற்றப்பத்திரிகை இழுத்தடிக்கப்பட்டால், மீதிப் பாதியும் அதோடு நின்றுவிடும். உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு அம்மா கோரம்பள்ளத்தில் இருக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு தடவை போய்வந்தால் அன்றைய கூலி போச்சு. 'அடுத்த வாரம் வாங்க' என்று சொல்பவருக்கு அது தெரியாது. இப்படிப் பலமுறை அலைந்தவர்கள் கடைசியில் போவதையே விட்டுவிடுகிறார்கள்.

இந்தக் கரையில் முத்துக் குளித்த காலத்தில் ஒருவர் கடலுக்குள் இறங்கினால், படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே இருப்பவர் மூச்சு அவர் கையில். துக்க வீட்டில் நம் வேலையும் அதுதான்.

முதல் நாள் மாலையோடு எல்லோரும் வருகிறோம். படம் எடுக்கிறோம், பதிவு போடுகிறோம். பத்தாவது மாதம் யார் போகிறார்கள்? எஃப்ஐஆர் நகல் கையில் இருக்கிறதா, ஓய்வூதியக் கோப்பு எந்த மேஜையில் கிடக்கிறது, அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகிறதா, அந்த அம்மா ராத்திரி தூங்குகிறாரா என்று யார் கேட்கிறார்கள்? அழவேண்டும் என்று தோன்றினால் அழ விட்டு, பக்கத்தில் பேசாமல் உட்கார யார் இருக்கிறார்கள்?

உங்களில் பலர் படித்தவர்கள், மனு எழுதத் தெரிந்தவர்கள். உங்கள் ஊர்ப் பக்கம் ஒரு குடும்பத்தை இரண்டு பேர் சேர்ந்து பொறுப்பெடுங்கள். தீர்ப்பு வரும்வரை கூடப் போங்கள். அவர்கள் வேண்டாம் என்று மறுத்தால் அந்த மறுப்போடும் நில்லுங்கள்.

ஜெய் பீம்.