கியர் பற்றிப் பேசாத லைசென்ஸ்

போன மாசம் பெருங்களத்தூர்ல நண்பன் கார் சாவியைக் கொடுத்தான். "லைசென்ஸ் இருக்குல்ல, ஓட்டுடா." இருக்கு. ஆனா நான் பழகினது ஆட்டோமேட்டிக். அவனோடது கியர் வண்டி. மேம்பாலம் ஏறும்போது கார் ஆஃப் ஆகி பின்னால உருண்டுச்சு. எங்களுக்குப் பின்னாடி ஒரு பஸ். நண்பன் ஹேண்ட்பிரேக்கை இழுத்ததால தப்பிச்சோம்.

நான் சட்டத்தை மீறலை. 1988 மோட்டார் வாகனச் சட்டம் டூவீலருக்கு மட்டும்தான் கியர் உள்ளது, இல்லாதது என்று தனித்தனி வகை வைத்திருக்கிறது. காருக்கு எல்எம்வி, அதாவது இலகுரக வாகனம், என்ற ஒரே வகைதான். பிரிட்டன்ல ஆட்டோமேட்டிக்ல பாஸானவங்க லைசென்ஸ்ல 78னு குறியீடு இருக்கும். அதை வச்சு கியர் கார் ஓட்ட முடியாது.

இங்க அந்தக் குறியீட்டை நாமதான் மனசுல எழுதிக்கணும். யாராவது சாவி நீட்டினா, "எனக்குக் கியர் வண்டி தெரியாது"னு சொல்லிடுங்க. நான் மறுபடி டிரைவிங் ஸ்கூல்ல சேர்ந்துட்டேன்.