பட்டியல் ஊரிலிருந்து தொடங்கட்டும்



ஊர்ப்புற மரபுச் சின்னங்களை அடையாளம் கண்டு, முறைப்படி அறிவித்துக் காப்பது எப்படி என்று பேசக் கூடியிருக்கிறோம். அதற்குக் கிளியனூர் பொருத்தமான இடம். தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் 274 என்றே நெடுங்காலம் எண்ணிவந்தோம். 1917இல் திருவிடைவாய்க் கோயில் கல்வெட்டில் சம்பந்தர் பதிகம் ஒன்று கிடைத்தது. எண்ணிக்கை 275 ஆயிற்று. பிறகு திருக்கிளியன்னவூர்ப் பதிகம் வெளிப்பட, இவ்வூர் அகத்தீசுவரர் கோயில் 276ஆம் தலமாகச் சேர்ந்தது. சான்று கிடைத்தால் பட்டியல் திறக்க வேண்டும் என்பதைத் திருமுறையிலேயே ஏற்றுக்கொண்டவர்கள் நாம். பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் அரசிதழ்ப் பட்டியலுக்கும் அந்த நெகிழ்வு வேண்டும் என்பதே என் கருத்து.

இவ்வூர் அமைந்த விழுப்புரம் மாவட்டத்தின் பெருஞ்சின்னங்களுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்மன் பொறித்துவைத்த மண்டகப்பட்டுக் குடைவரையை உலகம் அறியும். திருவக்கரைக் கல்மரங்கள் தேசியப் புவியியல் சின்னம். மராட்டியப் படைத்தளங்களின் வரிசையில் செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அந்த வரிசையின் 12 கோட்டைகளில் மகாராட்டிரத்துக்கு வெளியே உள்ளது இது ஒன்றே. ஆனால் ஏரிக்கரையில் சாய்ந்து கிடக்கும் நடுகல்லையும், பழைய மதகுத் தூணையும், சாவடியையும், கூரை சரிந்த சத்திரத்தையும் எந்தப் பட்டியலில் தேடுவது?

சட்டங்கள் இல்லாமல் இல்லை. மத்திய அரசின் 1958ஆம் ஆண்டுச் சட்டமும், தமிழகத்தின் 1966ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. மரபுச் சின்னங்களுக்கென ஓர் ஆணையம் அமைக்க 2012இலேயே சட்டம் இயற்றினோம். அது நடைமுறைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. அரசு நடைமுறைக்கு அவ்வளவு காலம் பிடிக்கும். ஊரில் நடக்கும் திருப்பணி காத்திருக்காது.

திருப்பணி எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பிராகாரத்தில் மழைநீர் தேங்குகிறது என்று தளத்தை ஒரு முழம் உயர்த்துகிறார்கள். கருங்கல் பாவி, இடுக்கில் சிமென்ட் கலவை ஊற்றுகிறார்கள். அதிட்டானத்தின் ஜகதி முழுதும் மண்ணுக்குள் போகிறது. குமுதத்தில் ஓடிய கல்வெட்டின் கீழ்வரிகளும் போகின்றன. மேலே எஞ்சிய வரிகளின் மீது மணல் வீச்சு நடத்தினால் கல் பளிச்சென்று இருக்கும், எழுத்து மழுங்கிவிடும். செய்தவர்கள் பக்தியோடுதான் செய்தார்கள். அது என்ன கல் என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. இராசேந்திர சோழன் காலத்தில் எண்ணாயிரத்தில் 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் கொண்ட கல்லூரி இருந்தது என்பதை அவ்வூர்க் கோயில் கல்வெட்டு வழியாகவே அறிந்தோம். அந்தச் சுவருக்கு இந்தக் கதி நேர்ந்திருந்தால் அப்படியொரு கல்லூரி இருந்தது என்பதே நமக்குத் தெரியாது.

தனிச்சின்னம் போல ஒரு தெருவையே காக்க முடியுமா? பக்கத்துப் புதுச்சேரி அதற்கு விடை சொல்கிறது. அங்கே வைசியாள் வீதியில் வீட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு, மரபுக் காப்பு அமைப்பான இன்டாக் தெருமுகப்புகளைச் சீரமைத்தது. திண்ணை, அதற்கு முன்னே மரத்தூண் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம், இவை வீட்டுக்கு வீடு தொடர்வதே அந்தத் தெருவின் அழகு. ஒரு வீடு இடிந்தாலும் வரிசை அறுபடும். அந்தப் பணிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. அதே ஊரில்தான் கடற்கரையோரத்து நகராட்சிக் கட்டடமான மேரி, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பின்னர் பழைய தோற்றத்தில் அதைப் புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று. பெருமை பேசினால் மட்டும் கட்டடம் நிற்காது. பராமரிப்புக்குப் பணமும் பொறுப்பாளரும் வேண்டும்.

மக்களின் அச்சத்தையும் நாம் மதிக்க வேண்டும். மத்தியப் பாதுகாப்புச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதுக்கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி பெற்றே கட்ட வேண்டும். 2010இல் சட்டத்திலேயே சேர்க்கப்பட்ட இந்தக் கட்டுப்பாடு தம் வீட்டு மாடிக்கும் வந்துவிடுமோ என்று அஞ்சுகிறவர், தோட்டத்துக் கல்வெட்டைப் பற்றி வாய் திறக்க மாட்டார். ஆகவே உள்ளூர்ச் சின்னங்களுக்குத் தரம் பிரித்த காப்பு வேண்டும். சிலவற்றைத் தொடவே கூடாது. சிலவற்றில் முகப்பை மட்டும் காத்தால் போதும். சிலவற்றை இடிக்குமுன் அளந்து, படமெடுத்து, பதிவு செய்தால் போதும்.

இக்கருத்தரங்கின் முன் மூன்று முன்மொழிவுகளை வைக்கிறேன். ஒவ்வோர் ஊராட்சியும் தன் சின்னங்களின் பட்டியலைக் கிராம சபையில் வாசித்துத் தீர்மானமாக்கி, மாவட்ட நிருவாகத்துக்கு அனுப்ப வேண்டும். திருப்பணிக்கு அனுமதி தரும்முன் எல்லாக் கல்வெட்டுகளையும் மைப்படி எடுத்துப் பதிவுசெய்வது கட்டாயமாக வேண்டும். பழந்தெருவில் ஓட்டுக் கூரையையும் திண்ணையையும் காப்பவருக்குப் பழுதுபார்க்கும் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்க வேண்டும்.

இரண்டு நாள் அமர்வுகளில் இவற்றைத் தாராளமாக மறுக்கலாம், திருத்தலாம். கலைந்து செல்லும்போது ஒரு பக்க அளவில் பட்டியல் படிவம் ஒன்றை உருவாக்கி, இவ்வூராட்சியிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கல்வெட்டு வாசிக்கத் தெரியாத இளைஞரும் நிரப்பக்கூடியதாக அது இருக்கட்டும். அந்தப் பணியை உங்களிடம் ஒப்படைத்து, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.