சிலோவாம் குளத்துக்குப் போனவர்



எரிகோ சாலையோரத்துப் பார்வையற்ற பர்த்திமேயுவை நாம் எல்லோரும் அறிவோம். அதட்டியவர்களையும் மீறி இயேசுவைக் கூவி அழைத்தவர். அவருடைய நம்பிக்கையே அவரைக் குணமாக்கியது என்று இயேசு சொன்னதாக மாற்கு எழுதுகிறார். நம் மேடைகளில் அதிகம் முழங்குவது இந்த நிகழ்ச்சிதான். நம்பினால் குணம் கிடைக்கும் என்ற கணக்கையும் இதிலிருந்தே போட்டுக்கொள்கிறார்கள். அந்தக் கணக்குக்குள் அடங்காத ஒருவரைப் பற்றி இன்று பேசுகிறேன். யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரத்தில் வரும் அவர், பிறவியிலேயே பார்வையற்றவர், பிச்சையெடுத்துப் பிழைத்தவர்.

அவரைக் கண்டதும் சீடர்கள் கேட்டது, இது யார் செய்த பாவம், இவருடையதா, பெற்றோருடையதா என்பதுதான். நம் ஊரிலும், கண் தெரியாத குழந்தை பிறந்த வீட்டுக்கு இந்தக் கேள்வி வராமல் இருப்பதில்லை. எந்தப் பாவமோ, யார் விட்ட சாபமோ என்று தாயின் காதில் விழும்படியே பேசுவார்கள். இயேசு இருவர் தலையிலும் பழியைப் போடவில்லை. இந்த ஒரு பதிலுக்காகவே இந்த அதிகாரத்தை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

பிறகு இயேசு தரையில் உமிழ்ந்து, மண்ணைச் சேறாகக் குழைத்து, அந்தக் கண்களில் பூசி, சிலோவாம் குளத்தில் போய்க் கழுவச் சொல்கிறார். நம்புகிறாயா என்று கேட்கவில்லை. குணமாக்கும்படி அந்த மனிதரும் வேண்டவில்லை. குளம் இருந்தது எருசலேம் தாவீது நகரின் தென்கோடித் தாழ்வில். எசேக்கியா மன்னர் காலத்தில் பாறையைக் குடைந்து வெட்டிய, சுமார் 533 மீட்டர் நீளச் சுரங்கம் கீகோன் ஊற்றின் நீரை அந்தப் பக்கம் கொண்டுவந்தது. 2004இல் கழிவுநீர்க் குழாய் வேலைக்காகத் தோண்டியபோது அங்கே பழங்காலப் படிகள் தட்டுப்பட்டன. ரோனி ரைக், எலி ஷுக்ரோன் என்ற தொல்லியலாளர்கள் அகழ்ந்து பார்த்தார்கள். ஐந்து படிகள், ஒரு தளம், மீண்டும் ஐந்து படிகள் என்று இறங்கும் குளம் அது. கண்ணில் காய்ந்துகொண்டிருக்கும் சேற்றோடு, பார்வை இல்லாமலேயே, அவர் அங்கே போயிருக்கிறார். அதை நம்பிக்கை என்று சொல்வதானால், அந்த நேரத்தில் அவரிடம் இருந்தது அவ்வளவுதான்.

அதிகாரத்தில் மொத்தம் 41 வசனங்கள். ஏழாவது வசனத்திலேயே கண் திறந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நீண்ட நேரம் இயேசு காட்சியிலேயே இல்லை. குணம் பெற்றவர் தனியாக நின்று பரிசேயர்களின் விசாரணைக்குப் பதில் சொல்கிறார். அன்று ஓய்வுநாள், சேறு குழைத்ததே குற்றமாகிறது. பெற்றோர் பயந்துபோய், அவனுக்கு வயது வந்துவிட்டது, அவனையே கேளுங்கள் என்று விலகிக்கொள்கிறார்கள். அவரோ கேள்வி வரவர வளர்கிறார். முதலில் இயேசு என்ற ஒரு மனிதர் என்கிறார்; அடுத்து இறைவாக்கினர் என்கிறார்; கடைசியில், கடவுளிடமிருந்து வராதவரால் இதைச் செய்ய முடியுமா என்று படித்தவர்களையே மடக்குகிறார். பரிசேயர்களில் சிலர் தொடக்கத்தில் தயங்கத்தான் செய்தார்கள். பிறகு அந்தத் தயக்கமும் போய், எல்லாம் தெரிந்தவர்களாக அவரை வெளியே தள்ளிவிட்டார்கள்.

தள்ளப்பட்டதைக் கேள்விப்பட்டு இயேசு அவரைத் தேடிக் கண்டுபிடிக்கிறார். நம்பிக்கையைப் பற்றிய கேள்வி அங்கேதான் முதன்முதலாக வருகிறது. குணம் முந்தியது, துன்பம் அடுத்தது, நம்பிக்கை அதற்கும் பிறகு. தொடக்கக் காலத் திருச்சபை திருமுழுக்குக்கு ஆயத்தமாகிறவர்களுக்கு இந்த அதிகாரத்தை வாசித்துக் காட்டியது. அதைக் காரணமில்லாமல் தேர்ந்தெடுத்ததாக நான் நினைக்கவில்லை. அகக்கண் திறக்க நாள் பிடிக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

குணமளிக்கும் கூட்டங்களை நடத்துவோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பார்வையற்றவர் ஒருவர் மேடை ஏறி, வந்தபடியே இறங்கிப் போனால், உன் விசுவாசம் போதவில்லை என்று சொல்லி அனுப்பாதீர்கள். யோவான் 9ஆம் அதிகாரத்தில் அப்படிச் சொல்ல உங்களுக்கு இடமே இல்லை. அவர் வீட்டு முகவரியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் போய்ப் பாருங்கள்.